பழைய தாளே இருக்கட்டும்

வேலையை ஒப்படைக்கவேண்டிய அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். முதலாளி மிஸ்டர் கோ, வாடிக்கையாளர் அச்சகத்திலிருந்து வந்த மேலாளர், அதே அச்சகத்தில் இருபது வருடமாகத் தமிழ் அடித்துக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா, நான். எங்கள் பிரிவில் வராதவர்கள் இருவர். ஸ்வீ லான் பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தாள். சவரிமுத்து சார் மணிக்கட்டு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மணிக்கட்டு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. நான் எழுத வந்தது அவருடைய கண்ணைப் பற்றி.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரத் தேநீர் வைத்தார்கள். இளையவர்களில் ஒருத்தி, கையில் கறிபாப் பலகாரத்தோடு வந்து கேட்டாள். "சார், அந்தக் காலத்துல சின்ன எழுத்துக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம் உட்கார்ந்து வேலை செஞ்சீங்களாமே, ஏன்? இப்ப என் ஃபோன்ல எவ்ளோ சின்னதா வச்சாலும் தெளிவாதான தெரியுது." திரையில் அப்போது புள்ளிகள் குறைவு, இப்போது கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு நெருக்கம் என்று சொன்னேன். "ஓ, அவ்வளவுதானா" என்றாள். அவ்வளவுதான் என்று நானும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அது முழுப் பதில் இல்லை என்று உறுத்தியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா செம்பவாங் பக்கம் கப்பல்களில் துரு சுரண்டும் வேலை. எழுத்து எந்த மொழியிலும் தெரியாது. எனக்கு ஏழு வயதானதிலிருந்து அவரோடு வங்கிக்கும் கிளினிக்குக்கும் போவேன். அவர் பாரத்தைக் கையில் வாங்கி, புருவத்தைச் சுருக்கி, படிப்பதுபோல் பிடித்துக்கொள்வார். நான் அவர் முழங்கை அருகே நின்று, உதட்டை அசைக்காமல், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வேன். முகப்பில் இருக்கிறவருக்குத் தெரியக்கூடாது. அப்பா முகம் சிறுத்துப்போகக் கூடாது. இதை நான் நன்றாகச் செய்வேன். வேறு எதற்காகவும் அப்பா என்னைப் பாராட்டியதில்லை, இதற்கு மட்டும் வெளியே வந்ததும் சீவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கித் தருவார். இந்தப் பழக்கத்தை இங்கே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தொழிற்கல்லூரியில் இரண்டு வருடம், கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் இரண்டரை வருடம். வெளியே வந்ததும் ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. எண்பதுகளின் பிற்பாதி. அச்சகங்கள் பக்கங்களைத் திரையிலேயே பார்த்து அடுக்க ஆரம்பித்திருந்த நேரம். சீன எழுத்துக்கு எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய பிரிவு. தமிழுக்கு மூன்று பேர்: சவரிமுத்து சார், ஸ்வீ லான், நான். கீழே தையல் கடை. காலையில் ஈசூனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி மாடிப்படி ஏறினால், தையல் இயந்திரத்தின் சத்தமும் சாரின் இருமலும் ஒன்றாகக் கேட்கும்.

வேலை என்னவென்றால், எழுத்தின் ஓரத்தை நாங்கள் கோடாக வைத்திருப்போம். கோடு என்பது கணக்கு. பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், கெடாது. ஆனால் திரை என்பது சின்னச் சின்னக் கட்டம். ஒரு கட்டம் ஒன்று கறுப்பாக இருக்கும், இல்லையென்றால் வெள்ளையாக இருக்கும். பாதிக் கட்டம் கிடையாது. ப என்ற எழுத்தைப் பத்துக் கட்ட உயரத்துக்குச் சுருக்கினால் அதன் கால் ஒன்றரைக் கட்ட அகலம் வருகிறது என்று வையுங்கள். இடது கால் விழுகிற இடத்தில் ஒன்றாகிவிடும், வலது கால் விழுகிற இடத்தில் இரண்டாகிவிடும். எழுத்து நொண்டும். சுழிகள் உள்ளே அடைந்து, அரிசியில் கிடக்கிற கல் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி நிற்கும். அதனால் ஒவ்வொரு எழுத்தோடும் சில கட்டளைகளைச் சேர்த்து அனுப்புவோம். ஹின்ட் என்பார்கள். இந்த இரண்டு காலும் எப்போதும் ஒரே அகலம். இந்த அடி இந்த வரிசையில்தான் உட்காரவேண்டும். இந்தச் சுழிக்குள்ளே என்ன ஆனாலும் ஒரு கட்டம் வெள்ளை இருக்கவேண்டும்.

ணகரம்தான் எங்களைக் கொன்றது. குறுக்கே எண்ணினால் ஐந்து கம்பி. கம்பிக்கு ஒரு கட்டம். நடுவே நான்கு வெள்ளை. ஆக ஒன்பது. ஆனால் சிறிய அளவுகளில் ஒன்றில் எங்களுக்குக் கிடைத்த அகலம் எட்டு.

"ஒம்போது பேர் இருக்கற வீட்டுல எட்டுப் பாய்" என்பார் சவரிமுத்து சார். "எவனாவது ஒருத்தன் வெளிய படுக்கணும். யாரு தம்பி?"

முதல் சுழியைத் திறந்து விடலாமா என்பேன்.

"அது தலைமகன்டா. அவன வெளிய போட்டா ஊர் என்ன சொல்லும்?" என்று சிரித்துவிட்டு, கடைசியில் அடுத்த எழுத்துக்கு முன்னால் விட்ட இடைவெளியிலிருந்து ஒரு கட்டத்தை எடுத்து ணகரத்துக்குக் கொடுத்தார். "பக்கத்து வீட்டுல கொஞ்சம் எடம் கேட்டுக்குவோம். நல்ல மனுசங்கதான்."

அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குவீன்ஸ்டவுனில் வீடு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவர், அதனால் சாதாரணமாகப் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்பதுபோலப் பேசுவார். சட்டைப் பையில் மூன்று பென்சில், மூன்றும் ஒரே நீளத்தில் சீவியிருக்கும். யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. தப்பாக ஒன்று செய்துவிட்டால், திரையை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு கோப்பி. ஒரு நாள் எனக்காக நான்கு கோப்பி குடித்தார். "தம்பி, இன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, உன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணிட்டு இருப்பேன்" என்றார்.

சோதனை முறையை அவர்தான் வகுத்திருந்தார். சொற்களே கூடாது. தமிழ் தெரிந்தவன் 'அம்மா' என்பதைப் பாதி அழித்தாலும் அம்மா என்றுதான் படிப்பான், அவன் படிப்பதை நம்பக்கூடாது என்பார். அதனால் தனி எழுத்துகள். பன்னிரண்டு வரி, வரிக்குப் பன்னிரண்டு. முதலில் ஸ்வீ லான் உட்காருவாள். அவளுக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது, அதற்காகவே அவளை இந்தப் பிரிவில் கேட்டு வாங்கியிருந்தார். திரையில் தெரிகிற சின்ன வடிவத்தைப் பார்த்து, மேசையில் பரப்பிய பெரிய அட்டைகளில் அதே வடிவத்தை எடுக்கவேண்டும். எழுத்து அடைந்திருந்தால் அவளால் எடுக்க முடியாது. "எல்லாம் வயிறு தள்ளிட்டு நிக்குது லா, என்னை மாதிரி" என்பாள். அந்த வருடம் அவள் பிள்ளைத்தாய்ச்சி.

அவளுக்குப் பிறகு சார் உட்காருவார். நாடியைக் கையில் ஊன்றி, வரியை வாய்விட்டுப் படிப்பார். நான் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு, சரியென்றால் ஒரு கீறு, தப்பென்றால் குறுக்கே இரண்டு கீறு போடுவேன். முடிந்ததும் அடியில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்த அளவும் வெளியே போகாது. இன்னொரு விதியும் இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்துகளின் வரிசையைக் கலைத்துப் புதுத் தாள் அடிக்கவேண்டும். அவர் போட்ட விதி. அவரே ஒரு கட்டத்தில் "எதுக்குத் தாளை வீணாக்கிட்டு, பழையதே போதும்" என்று அதை விட்டுவிட்டார். சிக்கனம் என்று நினைத்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர் கை பட்டுக் கோப்பி கவிழ்ந்து பழைய தாள் ஊறிப்போயிற்று. கோப்பைகளை அவர் அப்போது அடிக்கடி தட்டிவிடுவார். நான் ஆர்வக் கோளாறில், விதிப்படி செய்வோமே என்று வரிசையைக் கலைத்துப் புதுத் தாள் அடித்தேன். திரையிலும் அதையே ஏற்றினேன். அவரிடம் தனியாகச் சொல்லவில்லை, உட்கார்ந்தால் தெரியத்தானே போகிறது.

அவர் உட்கார்ந்தார். நாடியை ஊன்றினார்.

"ங. டு. ஞா. மூ. ண. ஸ்..."

திரையில் இருந்தது அது இல்லை. திரையில் முதல் எழுத்து கூ. அவர் படித்தது பழைய தாளின் முதல் வரி. நிறுத்தாமல், கோயிலில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கத்தோடு, பன்னிரண்டையும் படித்து முடித்தார். ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை.

எனக்குக் கை நின்றுபோயிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன். திரைக்கு நேரே இருந்தது முகம். கண் மட்டும் எதையும் பிடிக்கவில்லை. அப்பா வங்கிப் பாரத்தைப் பிடித்திருப்பாரே, அந்த முகம்.

நான் பென்சிலை வைத்து, முதல் எழுத்துக்கு ஒரு கீறு போட்டேன். சரி. பிறகு அடுத்ததற்கு. பன்னிரண்டுக்கும் சரி போட்டேன். அவர் இரண்டாவது வரிக்குப் போனார். நூற்று நாற்பத்து நான்கு எழுத்துக்கும் நான் சரி போட்டேன். தாளை நீட்டினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலை வைத்துக் காட்டினேன், ஏதோ தாளைச் சரிசெய்வதுபோல. போட்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பழைய வரிசையைத் திரும்ப ஏற்றினேன். அவர் வந்து உட்கார்ந்ததும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"சார், புதுத் தாள் சரியா வரல. பழைய தாளத்தான் போட்டிருக்கேன்."

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது.

"நல்லதாப் போச்சு தம்பி. பழைய தாளே இருக்கட்டும்."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் அதைப் பெரிய நல்ல காரியமாக நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். ஒரு மனிதரின் முகத்தைச் சிறுக்கவிடாமல் காப்பாற்றிவிட்டேன், அதுவும் அவருக்கே தெரியாததுபோல. அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்தது. வயதாகிறது, கண் மங்குகிறது, அவ்வளவுதானே. வேலை போய்விட்டால் இந்த வயதில் எங்கே போவார்? நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் அப்பாவின் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரால் படிக்க முடியவில்லை. இந்த இரண்டும் ஒன்று இல்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஸ்வீ லானுக்குத் தோன்றியிருந்தது. செப்டம்பர் கடைசியில், விடுப்பில் போவதற்கு முதல் நாள் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன்.

"குணா, உன் சார் நேத்து என் மேலேயே வந்து மோதினார். இந்த வயித்தோட நான் என்ன சின்ன ஆளா? பக்கவாட்டுல இருக்கற எதையும் அவர் பாக்கல. கண் டாக்டர்கிட்ட போகச் சொல்லு."

"வயசாயிடுச்சு, அதான்."

"அம்பத்திரண்டு வயசா? எங்க பாட்டிக்கு எண்பது, இன்னும் மாஜோங் ஆடிக் காசு ஜெயிக்கறா. நீ சொல்லு. நான் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவார். நீ சொன்னா கேப்பார்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கண்ணைப் பற்றிப் பேசினால் தாளைப் பற்றிப் பேசியாகவேண்டும். தாளைப் பற்றிப் பேசினால் நான் போட்ட சரிகளைப் பற்றிப் பேசவேண்டும். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று தள்ளினேன்.

அவள் போன பிறகு அட்டைகளை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. சார் மனப்பாடமாகப் படித்தார், நான் சரி போட்டேன். உண்மையான சோதனையை அவர் வீட்டுக்குப் போன பிறகு நானே உட்கார்ந்து செய்தேன். பத்துக் கட்ட உயரம், கடைசி அளவு, அச்சகம் கேட்டதிலேயே சின்னது. எனக்கு எல்லாம் தெரிந்தது. தெரியாமல் என்ன? அந்த வரிசையை நான்தான் அடித்தேன், தினமும் கேட்கிறேன். என் கண் பார்க்கும் முன்பே என் தலை படித்துவிடும். தமிழ் தெரிந்தவன் படிப்பதை நம்பாதே என்று அவர் சொன்னது எனக்குத்தான் என்பது எனக்கு எட்டவில்லை.

நவம்பரில் ஒப்படைக்கும் நாள் வந்தது. காலை பத்து மணிக்கு அச்சகத்துக்காரர்கள் வருவதாக ஏற்பாடு. சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சீக்கிரமே கிளம்பியிருக்கிறார். எங்கள் வரிசைக் கடைவீடுகளின் அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் அந்த நடைவழியில், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை ஒரே மட்டமாக இருக்காது. ஓரிடத்தில் ஒரு படி இறங்கும், அடுத்த இடத்தில் இரண்டு படி ஏறும். பல வருடம் நடந்த வழி. ஆனால் அன்று மசாலைக் கடைக்காரர் மூட்டைகளை நடுவில் அடுக்கியிருந்தார். சார் சுற்றிப்போக ஒதுங்கியவர், படி இருப்பதைப் பார்க்காமல் கால்வாய்ப் பக்கம் விழுந்தார். கையை ஊன்றியிருக்கிறார், மணிக்கட்டு போய்விட்டது. கடைக்காரரே டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

"மாத்தி வச்சுக்கலாமா?" என்று மேலாளர் கேட்டார். மிஸ்டர் கோ கையெழுத்துப் போட்ட தாள்களைக் காட்டி, எல்லாம் சோதித்தாகிவிட்டது, குணா இருக்கிறான், நடத்தலாம் என்றார்.

லெட்சுமி அக்கா எங்கள் தாளைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து தான் எழுதிக்கொண்டு வந்த தாளை எடுத்தார். "என் தாள்ல உள்ளத அடிங்க, பாப்போம்" என்றார். அடித்தேன். பெரிய அளவுகளெல்லாம் நன்றாக வந்தன, தலையாட்டினார். பத்துக் கட்டத்துக்கு வந்தோம். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார்.

"இது என்ன தம்பி, ணவா, னவா? இது ஞவா? நீ படி."

எனக்கு முன்னால் தெரியாத வரிசை. முதல் தடவையாக என் கண் மட்டும் படிக்கவேண்டியிருந்தது. ஆறாவது எழுத்தில் நின்றேன். ஒன்பதாவதில் தப்பாகச் சொன்னேன். சுழிகள் அடைந்திருந்தன. அத்தனை எழுத்துகளில் பாதிக்கு உள்ளே வெள்ளையே இல்லை.

"எட்டு மணி நேரம் நாங்க இதப் பாத்துட்டு உக்காரணுமா?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "எங்க கண்ணு என்னத்துக்காகும், நீயே சொல்லு."

மேலாளர் தாள்களைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா இதுல கையெழுத்து இருக்கே. நூத்து நாப்பத்து நாலும் சரின்னு."

அவர்கள் போன பிறகு மிஸ்டர் கோ கதவைச் சாத்தினார். அவர் கத்துகிற ஆள். அன்று கத்தவில்லை.

"சவரி இதைப் பாஸ் பண்ணினாரா?"

அவர்மேல் பழி விழுவதற்கு ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அதை விட்டு, நடந்ததைச் சொன்னேன். மார்ச்சிலிருந்து அவர் பார்க்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னார், சரி போட்டது நான், அவருக்குத் தெரியாமல் சோதித்ததும் நான், தப்பு என்னுடையது. வேலையை விட்டு நீக்கினால் என்னை நீக்குங்கள் என்றுகூடச் சொன்னேன். வீரமாகத்தான் சொன்னேன்.

மிஸ்டர் கோ என்னையே பார்த்தார்.

"காண்ட்ராக்ட்ட விடு. மார்ச்லேயே அவருக்குக் கண் தெரியலன்னு உனக்குத் தெரியும். ஏன் நீ அவரை டாக்டர்கிட்ட அனுப்பல?"

மேசையில் கிடந்த தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரெஜினா ஆன்ட்டி, சாரின் மனைவி, வாசலில் உட்கார்ந்திருந்தார். சாரின் கைக்குக் கட்டுப் போட்டுவிட்ட டாக்டருக்கு, இந்த மனிதர் நீட்டிய கையைக்கூடத் தடவித்தான் பிடிக்கிறார் என்று சந்தேகம் வந்து, கண் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே பார்த்துவிட்டார்கள். கிளாக்கோமா. கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். வலிக்காது. ஓரங்கள் முதலில் போகும், பிறகு நடுவுக்கு வரும். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு காசு அளவுக்கு மிச்சம், அதுவும் சின்ன எழுத்தைப் பிடிக்காத மங்கல்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல குணா" என்றார் ஆன்ட்டி. "தொண்ட வலின்னு கோயில்ல வாசகம் வாசிக்கறத நிறுத்தினார். நானும் நம்பி, ஆறு மாசமா மிளகுக் கஷாயம் போட்டுக் குடுத்துட்டு இருந்தேன். ஒரு நாள் விடாமக் குடிச்சார், பாவி."

அழுதுகொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண் டாக்டர் இளைஞர்தான், என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம். எப்போதிலிருந்து பார்வை குறைந்தது என்று கேட்டார். ஆன்ட்டி என்னைப் பார்த்தார். மார்ச் என்றேன்.

"மார்ச்ல வந்திருந்தா மார்ச்ல இருந்த பார்வை நின்னிருக்கும்" என்றார் டாக்டர். "போனதைத் திருப்ப முடியாது. இருக்கறத நிறுத்தி வைக்கலாம். சொட்டு மருந்துதான், ஆபரேஷன்கூட வேணாம்."

உள்ளே போனேன். சார் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். என் காலடிச் சத்தத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது.

"வா தம்பி. பத்துக் கட்டம் எப்படிப் போச்சு?"

"அடைஞ்சு போச்சு சார்."

"ணவா?"

"ண, ஞ, ழ. பாதிக்கு மேல."

தலையை ஆட்டினார். "லெட்சுமி வந்திருந்தாளா? அவ விடமாட்டா. நல்ல கண்ணு அவளுக்கு."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னிக்குப் புதுத் தாள் போட்டியே, எனக்கு அப்பவே தெரியும். நான் படிக்கறப்ப உன் பென்சில்தான் கேட்டுட்டு இருப்பேன். சரின்னா ஒரு கீறு, தப்புன்னா ரெண்டு கீறு. கோப்பி ஊத்தி ஊறிப்போன தாளை நீ எப்படித் திரும்ப அடிச்சிருப்பன்னு எனக்குத் தெரியாதா? விதிப்படிதான் அடிப்ப. அதனால காதக் குடுத்துட்டே படிச்சேன். முதல் வரி முழுக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. சரி, மாட்டிக்கிட்டோம்னு நெனச்சேன். ஒரு நிம்மதிகூட வந்துச்சு தம்பி. அப்புறம் ஒரு கீறு கேட்டுச்சு. அப்புறம் எல்லாமே ஒரு கீறு."

நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ அன்னிக்கு ரெண்டு கீறு போட்டிருந்தா நான் டாக்டர்கிட்டப் போயிருப்பேன்னு சொல்லமாட்டேன். பயந்தாங்கொள்ளி நான். போயிருக்கவே மாட்டேன்னும் சொல்லமாட்டேன்." கட்டுப்போட்ட கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "என் மரியாதையக் காப்பாத்தணும்னு செஞ்ச. தெரியும். நானும் அதத்தான் காப்பாத்திட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து அத மட்டும் காப்பாத்திட்டோம்" என்றார்.

அவர் பிறகு வேலைக்கு வரவில்லை. பத்துக் கட்ட அளவு முழுவதையும் மூன்று மாதம் உட்கார்ந்து திரும்பச் செய்தோம். ஸ்வீ லான் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து அட்டைகளைப் பரப்பினாள். வந்த அன்று என்னிடம் கேட்டாள், "சொன்னியா?" இல்லை என்றேன். அதன்பின் வேலையைத் தவிர என்னோடு அவள் அதிகம் பேசியதில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் புதுத் தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குவீன்ஸ்டவுனுக்குப் போவேன். வலது கண்ணில் மிச்சமிருந்த அந்தக் காசளவு, சொட்டு மருந்தில் மூன்று வருடம் நின்றது, பிறகு அதுவும் சுருங்கிப்போயிற்று. ணகரத்தை என்ன செய்தாய் என்று கேட்பார். அவர் உள்ளங்கையில் விரலால் கட்டம் கட்டமாகக் குத்திக் காட்டுவேன். கம்பி, வெள்ளை, கம்பி, வெள்ளை. "எடம் இருக்கா?" என்பார். இருக்கிறது என்பேன்.

அச்சகத்துக்குத் தாமதத்துக்காக மிஸ்டர் கோ விட்டுக்கொடுத்தது பதினான்காயிரம் வெள்ளி, எங்கள் ஊர் டாலர். அதை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு நினைவில் நிற்கும் தொகை வேறு. அன்று மாலை டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு நானும் ரெஜினா ஆன்ட்டியும் மருந்து கொடுக்கும் முகப்பில் நின்றோம். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், ஒரு மாதத்துக்கு வரும் என்றார்கள். விலையைக் கேட்டதும் ஆன்ட்டி கைப்பையைத் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"இவ்வளவுதானா?"

ஒரு பாட்டில் பத்தொன்பது வெள்ளி. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை எட்டுப் பாட்டில். நூற்று ஐம்பத்திரண்டு வெள்ளி.